ஸ்ரீவைஷ்ணவத்துக்குப் புதியவரா? கோஷ்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள்

வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கம் போய், மணிக்கணக்கில் வரிசையில் நின்று, மூலவரான பெரிய பெருமாளின் திருமுகத்தைப் பார்ப்பதா திருவடியைப் பார்ப்பதா என்று முடிவு செய்வதற்குள் "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிடப்பட்டவர்கள் ஏராளம். ஸ்ரீவைஷ்ணவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு அதைவிட மோசமான ஆரம்பம் கிடையாது. சன்னிதிக்கு உள்ளே கிடைக்கிற அரை நிமிஷத்தில் இந்தச் சம்பிரதாயம் பிடிபடாது. வெளியே மண்டபத்தில் இரண்டு வரிசையாக நின்று தமிழ்ப் பாசுரம் சொல்கிறார்களே, அந்தக் கோஷ்டிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றால் பிடிபடும். கீழே சொல்லப் போவதெல்லாம் அந்த இடத்துக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குத்தான்.

கிளம்புவதற்கு முன்

படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரே ஒரு கதை தெரிந்திருந்தால் மற்ற எல்லாம் சுலபமாகப் புரியும்.

காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த நாதமுனிகள், கும்பகோணத்து ஆராவமுதன் மேல் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டார். கடைசிப் பாட்டில் "ஆயிரத்துள் இப்பத்தும்" என்று வந்தது. அப்படியானால் மீதி எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு நம்மாழ்வாரின் ஊரான திருக்குருகூருக்கே போனார். அங்கேயும் பாசுரங்கள் இல்லை. மதுரகவியாழ்வார் தம் ஆசிரியரான நம்மாழ்வாரைப் பற்றிப் பாடிய 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' என்ற பதினொரு பாட்டு மட்டும் கிடைத்தது. அதைப் பன்னீராயிரம் முறை சொல்லி, நம்மாழ்வார் அருளால் ஆழ்வார்கள் பாடிய நாலாயிரம் பாசுரங்களையும் (திவ்யப் பிரபந்தம்) பெற்றார் என்பது சம்பிரதாயத்தின் வரலாறு.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பெருமாளைப் பாடிய நாலாயிரமும் திரும்பக் கிடைத்தது, குருவைப் பாடிய பதினொரு பாட்டின் வழியாக. ஸ்ரீவைஷ்ணவத்தில் எதைத் தொட்டாலும் இந்த வரிசைதான் வரும்: முதலில் குருவான ஆச்சாரியர், அப்புறம் பெருமாளின் தேவியான தாயார், அப்புறம் பெருமாள்.

நாதமுனிகளுக்கு அப்புறம் உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி, ஆளவந்தார், பெரிய நம்பி, ராமானுஜர் என்று பரம்பரை போகிறது. ராமானுஜரின் காலம் 1017 முதல் 1137 வரை என்பது மரபு. இந்தப் பெயர்கள் மட்டும் நினைவில் இருந்தால் போதும், கோயிலில் எந்தச் சன்னிதியைக் காட்டினாலும் யார் என்று தடுமாற மாட்டீர்கள்.

பையில் ஒரே ஒரு புத்தகம்: 'நித்யானுசந்தானம்'. திருப்பல்லாண்டு, திருப்பள்ளியெழுச்சி, திருப்பாவை, கண்ணிநுண் சிறுத்தாம்பு என்று தினமும் சொல்லும் பாசுரங்களின் தொகுப்பு. பெரிய கோயில்களின் வாசல் கடைகளில் கிடைக்கும். பெரிய எழுத்துப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்; சன்னிதி வெளிச்சம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எந்தக் கோயில், எந்த நாள்

ஆழ்வார்கள் பாடிய தலங்களைத் திவ்யதேசம் என்பார்கள். மொத்தம் 108. திருப்பாற்கடலும் பரமபதமும் போக, போகக்கூடியவை 106. அதில் முக்திநாத் நேபாளத்தில் இருக்கிறது. சோழநாட்டில் மட்டும் 40. தஞ்சாவூர், கும்பகோணம், சீர்காழிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் ஒன்றாவது இருக்கும். காஞ்சிபுரத்துக்காரர்களைக் கேட்கவே வேண்டாம்.

முதல் தடவை உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திவ்யதேசத்துக்கே போங்கள். கூட்டம் இல்லாத சின்னக் கோயிலாக இருந்தால் இன்னும் நல்லது. அர்ச்சகரான பட்டாச்சாரியார் நின்று பதில் சொல்வார். பெரிய கோயிலில் அவருக்கு அதற்கு நேரம் இருக்காது. 106-ஐயும் எண்ணி முடிக்கிற வேகத்தில் வேன் பிடித்து ஒரே நாளில் எட்டுக் கோயில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதியவர்கள் அதில் சேர வேண்டாம்.

நாள் பார்ப்பதென்றால் ஆழ்வார் ஆச்சாரியர்களின் திருநட்சத்திரங்களை, அதாவது அவர்கள் பிறந்த நட்சத்திர நாட்களைப் பாருங்கள். அன்றைக்குக் கோஷ்டி நிச்சயம் இருக்கும், பாசுரங்களைச் சொல்லி நிறைவு செய்யும் சாற்றுமுறையும் இருக்கும். சித்திரைத் திருவாதிரை ராமானுஜருக்கு. வைகாசி விசாகம் நம்மாழ்வாருக்கு. ஆனி சுவாதி பெரியாழ்வார், ஆடிப்பூரம் ஆண்டாள், புரட்டாசித் திருவோணம் வேதாந்த தேசிகர், ஐப்பசி மூலம் மணவாள மாமுனிகள், கார்த்திகையில் கார்த்திகை திருமங்கையாழ்வார். இதையெல்லாம் விடச் சுலபமான வழி ஒன்று உண்டு: மார்கழியில் விடியற்காலை எந்தப் பெருமாள் கோயிலுக்கு வேண்டுமானாலும் போங்கள். திருப்பாவை முப்பது பாட்டு. பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

வாசலிலிருந்து சன்னிதி வரை

வேட்டி, புடவை, சல்வார் எதுவும் சரி. கேரளத்து மலைநாட்டுத் தலங்களில்தான் கண்டிப்பு அதிகம். திருவனந்தபுரம் போன்ற இடங்களில் ஆண்கள் சட்டை போடாமல் வேட்டி கட்டித்தான் போக முடியும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் மாறும். எப்படியும் சன்னிதியில் அதை எடுக்காதீர்கள்.

சிவன் கோயிலுக்கே போய்ப் பழகியவர்கள் இங்கே விபூதி கேட்டுவிட வேண்டாம், கிடையாது. தீர்த்தம், துளசி, சடாரி, சில இடங்களில் மஞ்சள்காப்பும் குங்குமமும்தான். கையில் ஏதாவது கொண்டுபோக ஆசையாக இருந்தால் துளசி மாலை போதும்.

கொடிமரத்தின் அருகே விழுந்து சேவித்துவிட்டு உள்ளே போங்கள். உள்ளே போன பிறகு எங்கே பார்த்தாலும் விழ வேண்டாம், கைகூப்பினால் போதும். எதிரே கருடன் இருப்பார். அவரைச் சேவித்து, ஆழ்வார் ஆச்சாரியர் சன்னிதிகள், தாயார், அதற்கப்புறம் பெருமாள். கோயிலின் அமைப்பும் அன்றைய திரையும் எப்போதும் இதற்கு இடம் கொடுக்காது. அப்போது திறந்திருக்கிற சன்னிதிக்குப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தீர்த்தம் வாங்கும்போது வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையை அடியில் கொடுங்கள். மேல்துண்டின் நுனியோ புடவைத் தலைப்போ இரண்டு கைக்கும் நடுவில் இருந்தால் ஒரு சொட்டும் தரையில் விழாது. உறிஞ்சும் சத்தம் வராமல் குடித்துவிட்டுக் கையைத் தலையில் தடவாதீர்கள். பக்கத்தில் நிற்கிற மாமி திருத்துவார்.

அப்புறம் சடாரி. தலையைக் குனிந்து, வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். கிரீடம் போன்ற அந்தப் பாத்திரத்தின் மேல்பக்கம் பார்த்தால் இரண்டு திருவடிகள் பதித்திருக்கும். அதாவது பெருமாளின் பாதம் உங்கள் தலைமேல் வைக்கப்படுகிறது. அதற்குச் சடாரி, சடகோபம் என்று ஏன் பெயர்? சடகோபன் என்பது நம்மாழ்வாரின் பெயர். பெருமாளின் திருவடியே நம்மாழ்வார் என்பது கணக்கு.

இந்தக் கணக்கு அதோடு நிற்பதில்லை. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் சன்னிதியில் வைக்கும் சடாரிக்கு ராமானுஜர் பெயர். ராமானுஜர் சன்னிதியில் வைப்பது முதலியாண்டான், அவருடைய சீடர். மணவாள மாமுனிகள் சன்னிதியில் வைப்பது பொன்னடியாம் செங்கமலம்; அவருடைய சீடரான பொன்னடிக்கால் ஜீயரைக் குறிக்கும். ஒவ்வொருவரின் திருவடியும் அவருக்கு அடுத்தவர். நாலு சன்னிதியில் நாலு தடவை தலையைக் குனிந்தால் குருபரம்பரையைப் படித்த மாதிரிதான். அடுத்த முறை சடாரி வைக்கும்போது "சுவாமி, இங்கே இதுக்கு என்ன திருநாமம்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டாச்சாரியார் முகம் மலர்ந்து உங்களிடம் பேச ஆரம்பிப்பார்.

கோஷ்டி

காலை பூஜை நேரத்திலோ புறப்பாட்டின்போதோ நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்ட பத்துப் பதினைந்து பேர் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பாசுரத்தின் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். மற்ற எல்லோரும் ஒரே குரலில் சேர்ந்துகொள்வார்கள். ராகம் கிடையாது, தாளம் கிடையாது, ஆனாலும் ஒரு நடை இருக்கும். சில அடிகளை இரண்டு முறை சொல்வார்கள். எழுபது வயதுக்காரர் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பையன் நிற்பான்; அவன் குரல்தான் தனியாகக் கேட்கும்.

நீங்கள் வரிசைக்குள் போகாதீர்கள். அங்கே நிற்பவர்கள் முறையாக அத்யயனம் செய்தவர்கள் (பாசுரங்களைப் பாடம் கேட்டுக் கற்றவர்கள்), அந்தந்தக் கோயிலில் அதற்கு உரிமை உள்ளவர்கள். பின்னால், தூண் ஓரமாக, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். எந்தப் பாசுரம் என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார். முதல் நாள் தொடர முடியாது, ரொம்ப வேகமாகப் போகும். மனசுக்குள் கூடவே சொல்லி வந்தால் போகப் போகக் காது பழகிவிடும்.

கடைசியில் சாற்றுமுறை, பல்லாண்டு. அதன் பிறகு தீர்த்தம் கொடுக்கும்போது பெயர் சொல்லி "அருளிப்பாடு" என்று கூப்பிடுவார்கள். துறவியான ஜீயர், குடும்பஸ்தர்களான ஆச்சாரிய புருஷர்கள் என்று ஒரு வரிசை உண்டு. இந்த வரிசையில் யார் முன், யார் பின் என்பதற்கு நடந்த சண்டைகளைப் பற்றித் தனியாக எழுதலாம். புதியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைசியில் நின்றாலும் தீர்த்தம் வரும், புளியோதரையும் வரும்.

புறப்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். பெருமாளுக்கு முன்னால் போவது திவ்யப் பிரபந்த கோஷ்டி. வேத பாராயணம் பெருமாளுக்குப் பின்னால் வரும். தமிழ் முன்னே போக, பெருமாள் அதைத் தொடர்ந்து வருகிறார், அவருக்குப் பின்னால் வேதம். வீதியில் நின்று பார்க்கும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாதபடி வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கம்

இவ்வளவு ஆன பிறகு ஸ்ரீரங்கம் போங்கள். ஸ்ரீவைஷ்ணவர்கள் வெறுமனே "கோயில்" என்றால் அது ஸ்ரீரங்கம்தான். சென்னையிலிருந்து வரும் பல ரயில்கள் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும். ஒரு சாதாரண வார நாளாகப் பார்த்து, முந்தின நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள். விடியற்காலை விசுவரூப சேவைக்கு, பசுவும் யானையும் சன்னிதிக்கு முன் வந்திருக்க, வீணை வாசிக்கத் திரை விலகும். ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள்.

ஏழு பிராகாரம், 21 கோபுரம், 156 ஏக்கர். தெற்கே நிற்கும் 236 அடி ராஜகோபுரம் பழையது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பல நூற்றாண்டு மொட்டையாக நின்றிருந்ததை அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் கட்டி முடித்து 1987-இல்தான் குடமுழுக்கு நடந்தது.

உள்ளே எல்லோரும் பெரிய பெருமாள் வரிசைக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் உடையவர், அதாவது ராமானுஜர் சன்னிதியைக் கேட்டுப் போங்கள். ராமானுஜரின் திருமேனியே அங்கே எழுந்தருளியிருப்பதாகச் சம்பிரதாயம் சொல்கிறது. 'தானான திருமேனி' என்று பெயர். திருமஞ்சனம் (நீராட்டு) கிடையாது. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் கலந்து வருஷத்துக்கு இரண்டு முறை சாற்றுவார்கள். அந்தச் செம்மஞ்சள் நிறத்திலேயே உட்கார்ந்திருப்பார். கண்கள் நேராக உங்களையே பார்க்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலான நேரம் கூட்டம் இருக்காது. இங்கே உட்கார்ந்து ஒரு கண்ணிநுண் சிறுத்தாம்பு சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

அப்புறம் தாயார் சன்னிதி. ரங்கநாச்சியார் வெளி வீதிக்கு எழுந்தருளுவதில்லை, 'படி தாண்டாப் பத்தினி' என்பார்கள். பெருமாள்தான் பங்குனி உத்திரத்தன்று அங்கே வந்து தாயாரோடு சேர்த்தியில் இருப்பார். எதிரே கம்பர் மண்டபம். ராமாயணம் அரங்கேறிய இடம் என்று காட்டுவார்கள். கடைசியாகப் பெருமாளிடம் போகும்போது மூலவரை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், அவருக்கு முன்னால் நிற்கும் உற்சவரையும் பாருங்கள். அவர்தான் நம்பெருமாள். 1323-இல் படையெடுப்புக்குப் பயந்து அவரைத் தூக்கிக்கொண்டு தெற்கே போன வயோதிக ஆச்சாரியர் பிள்ளை லோகாசாரியர் வழியிலேயே, மதுரை ஒத்தக்கடைக்குப் பக்கத்துக் கொடிக்குளத்தில் காலமானார். நம்பெருமாள் கோயிலுக்குத் திரும்பியது 1371-இல்.

பிரசாதத்தில் ரொட்டியைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். துலுக்க நாச்சியார் என்ற சுல்தான் மகள் பெருமாள் மேல் காதலாகி வந்தாள் என்பது கதை. அவளுக்காகத்தான் அது.

தென்கலை, வடகலை

ஸ்ரீவைஷ்ணவத்தின் இரண்டு பிரிவுகள் இவை. நெற்றியைப் பாருங்கள். திருமண்ணின் பாதம் மூக்குவரை இறங்கினால் தென்கலை, புருவத்தோடு வளைந்து நின்றால் வடகலை. கோஷ்டி தொடங்கும்போது "ஸ்ரீசைலேச தயாபாத்ரம்" என்றால் மணவாள மாமுனிகளின் வழி. "ராமானுஜ தயாபாத்ரம்" என்றால் வேதாந்த தேசிகரின் வழி. இருவருக்கும் ராமானுஜர் ஒருவர்தான், நாலாயிரமும் ஒன்றுதான். சரணாகதியில் நம் பங்கு எவ்வளவு, தாயாரின் நிலை என்ன என்று நுட்பமான வேறுபாடுகள் உண்டு. அதைத் தெருச்சண்டையாக்கி நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்களும் உண்டு. காஞ்சிபுரத்தில் யார் தனியன் (ஆச்சாரியரைப் போற்றும் சுலோகம்) முதலில் என்ற தகராறு நூறாண்டுக்கு மேல் பழையது. முதல் வருஷத்தில் எந்தப் பக்கமும் சேராதீர்கள். "நீங்க எந்தக் கலை?" என்று யாராவது கேட்டால் "இன்னும் சேவிக்கக் கத்துக்கறேன் சுவாமி" என்று சொல்லிவிடுங்கள். நல்ல பெரியவராக இருந்தால் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

திருமண் இட்டுக்கொள்வதும் அவசரமில்லை. ஆச்சாரியர் கிடைத்த பிறகு அவர் காட்டிக் கொடுப்பார்.

ஆச்சாரியரிடம் போவது

ஆச்சாரியர்கள் இரண்டு வகை. ஜீயர்கள் துறவிகள், கையில் மூன்று கோல்கள் சேர்ந்த திரிதண்டம் இருக்கும், குடுமியும் பூணூலும் துறக்க மாட்டார்கள். நாங்குநேரி வானமாமலை மடம், அகோபில மடம், ஸ்ரீரங்கம் ஆண்டவன் ஆசிரமம், மைசூர் பரகால மடம், மேல்கோட்டை யதிராஜ மடம் எல்லாம் ஜீயர்கள் தலைமையில் இருப்பவை. இன்னொரு வகை குடும்பஸ்தர்கள். ராமானுஜர் நியமித்த 74 சிம்மாசனாதிபதிகளின் வழிவந்த வீடுகள் இன்றும் இருக்கின்றன. பலர் வங்கியிலும் கல்லூரியிலும் வேலை பார்த்துக்கொண்டே சிஷ்யர்களுக்குக் காலட்சேபம் (சம்பிரதாய நூல்களுக்கு விளக்கம்) சொல்கிறார்கள்.

ஜீயர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களை ஓரிடத்தில் பார்க்க நல்ல காலம் சாதுர்மாஸ்யம். ஆடிப் பௌர்ணமியையொட்டித் தொடங்கி ஒரே ஊரில் தங்கியிருப்பார்கள். எங்கே என்று மடத்துக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பழம் கொண்டுபோங்கள். கையில் கொடுக்காமல் தட்டில் வைத்து முன்னால் வைக்க வேண்டும். ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து சேவிப்பார்கள், பெண்கள் மண்டியிட்டு. காலைத் தொடக் கூடாது. ஊர், பெயர் சொல்லி, "அடியேன் புதுசாக வந்திருக்கேன்" என்றால் போதும். நீளமாகத் தத்துவக் கேள்வி கேட்பதை விட, "அடியேன் எந்தக் காலட்சேபத்துக்கு வரலாம்?" என்று கேளுங்கள்.

பிடித்துப் போனால் ஒரு நாள், ஆச்சாரியரிடம் சிஷ்யராகச் சேரும் சடங்கான சமாச்ரயணம் கேட்கலாம். பஞ்ச சம்ஸ்காரம் என்றும் சொல்வார்கள். நெருப்பில் காய்ச்சிய சக்கரத்தை வலது தோளிலும் சங்கை இடது தோளிலும் ஒற்றுவார்கள். ஒரு நொடி சுரீரென்கும், அவ்வளவுதான். பன்னிரண்டு திருமண் காப்பு, தாசன் என்று முடியும் பெயர், மூன்று மந்திரங்கள், வீட்டில் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்யும் முறை ஆகிய நான்கும் சேர்ந்தால் ஐந்து. முடியும் வரை வெறும் வயிற்றோடு இருப்பது வழக்கம். சம்பாவனை, அதாவது காணிக்கை, உங்களால் முடிந்தது. தொகை பேசுகிறவர் என்றால் வேறு ஆச்சாரியரைத் தேடுங்கள்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஒரு வைணவனின் பிறப்பை ஆராய்வது பெருங்குற்றம் என்றவர் பிள்ளை லோகாசாரியர். ராமானுஜர் ஆசானாகக் கொண்டாடிய திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர். ஆண், பெண், எந்தச் சாதி என்று பார்க்காமல் சமாச்ரயணம் செய்யும் ஆச்சாரியர்கள் இன்று பலர் உண்டு. ஆனாலும் சில இடங்களில் சாப்பாட்டுப் பந்தியில் பேதம் பார்ப்பதைக் கேள்விப்படுவீர்கள், பார்க்கவும் நேரலாம். மடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை அங்கே ததியாராதனத்தில் (அடியார்களுக்குச் சாப்பாடு போடுவதில்) உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். பந்தி எப்படி நடக்கிறது என்பதில் எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்த பயணங்கள்

திருநெல்வேலியில் தங்கி நவதிருப்பதி போகலாம். தாமிரபரணிக் கரையில் ஒன்பது கோயில்கள். வாடகைக் கார் வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஒரே நாளில் முடிக்கலாம் என்பார்கள். இரண்டு நாளாக வைத்துக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்கு மட்டும் அரை நாள் கொடுங்கள். நம்மாழ்வார் பதினாறு வருஷம் கண்மூடி இருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி என்ற புளியமரம் அங்கேதான். அதே ஊரில் பவிஷ்யதாசாரியர் சன்னிதி இருக்கிறது: ராமானுஜர் பிறப்பதற்கு முன்பே, தாமிரபரணி நீரைக் காய்ச்சியபோது கிடைத்த அவருடைய திருமேனி என்று நம்புகிறார்கள். வைகாசி விசாகத்தையொட்டி ஒன்பது பெருமாள்களும் கருடன் மேல் வந்து ஆழ்வாருக்குக் காட்சி கொடுக்கிற நாளில் கூட்டம் நெரியும், ஆனால் அது சந்தோஷமான கூட்டம்.

அரையர் சேவை பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர், மேல்கோட்டை நான்கில் ஒன்றுக்கு மார்கழியில் போக வேண்டும். கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் சொல்வார்கள். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாட்களான பகல் பத்தில் பகலில் போனால் ஏகாதசிக் கூட்டத்தில் சிக்காமல் பார்க்கலாம்.

சிவகங்கைப் பக்கம் போனால் திருக்கோஷ்டியூரை விடாதீர்கள். பதினெட்டு முறை நடந்து வந்து ஒரு மந்திரத்தைப் பெற்று, மேலே ஏறி நின்று ஊருக்கே சொல்லிவிட்டார் ராமானுஜர். அந்த இடத்துக்கு ஏறிப் போகலாம். படிகள் குறுகல், இறங்கும்போது பார்த்து இறங்குங்கள்.